சேற்றுக்கால்

“தப்பு,” என்று சொல்லி டீச்சர் சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டார். எதிரே உட்கார்ந்திருந்த ஆசாமி தாளை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“நல்லாப் படிச்சுட்டுத்தான் போட்டேன் டீச்சர்.”

“என்னத்தப் படிச்சீங்க? இன்னொரு தரம் சத்தமாப் படிங்க.”

படித்தான். சதுப்பு நிலம் மழைநீரை வாங்கி வைத்துக்கொண்டு ஊரை வெள்ளத்திலிருந்து காக்கிறது. எங்கிருந்தோ வரும் பறவைகளுக்கு அதுதான் தங்குமிடம். பாதி நிலத்தைக் குப்பை கொட்டியும் கட்டடம் கட்டியும் மூடிவிட்டோம்; மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும். இந்தப் பத்தியின் முக்கிய நோக்கம் என்ன என்பது கேள்வி, கீழே நாலு விடை.

‘சதுப்பு நிலத்தைப் பாதுகாக்கச் சொல்வது’ என்பதை அவன் டிக் செய்திருந்தான்.

“பறவைகளை வர்ணிப்பது. அதுதான் விடை,” என்றார் டீச்சர்.

“பறவை ஒரே ஒரு வரிதானே டீச்சர் வருது?”

“ஒரு வரின்னா என்ன? அழகான வரி இல்லையா?”

எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகூட இதைக் கேட்டால் சிரித்துவிடும். அவன் சிரிக்கவில்லை. “நீங்க சொன்னாச் சரி டீச்சர்,” என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான்.

டீச்சர் அவனுக்கு மனசுக்குள் வைத்திருக்கும் பெயர் சேற்றுக்கால். கொஞ்ச காலமாக, சொட்டு மழை இல்லாத கோடையில்கூட, மாடிப்படி முழுக்கக் காய்ந்த சேற்றை உதிர்த்துக்கொண்டுதான் ஏறி வருகிறான். எங்கே வேலை என்று கேட்டால் “வெளி வேலை டீச்சர்” என்பதோடு சரி. அவன் போனபிறகு படியைப் பெருக்குவார் டீச்சர். அந்த வீட்டில் அவருக்கு இருந்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

ஒரு காலத்தில் இதே அறையில் பெஞ்சு போதாமல் ஜன்னல் திட்டில் ஏறி உட்கார்ந்து படித்தார்கள். இப்போது எல்லாரும் போனிலேயே படித்துக்கொள்கிறார்கள். கணவர் போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன, மகள் கடல் தாண்டி இருக்கிறாள். மிஞ்சியது இவன் ஒருவன்.

நீர்நிலைக் காவலர் வேலைக்கான பரீட்சைக்குப் படிக்க வந்தவன். போன வருஷம் ரிசல்ட் வந்த மறுநாள், “கோட்டை விட்டுட்டேன் டீச்சர்” என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றான். டீச்சர் வாயால் ஆறுதல் சொன்னார். உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை.

அன்றிலிருந்து எந்தப் பத்தியைக் கொடுத்தாலும் தப்பாகவே போடுவான். கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்தால்கூட எப்போதாவது ஒன்று சரியாக விழும். இவனுக்கு அதுவும் விழாது.

இன்றைக்குத்தான் சரியாகப் போட்டுவிட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. இவன் பாஸாகிவிட்டால் என்று நினைத்த மாத்திரத்தில் டீச்சரின் வாய் தானாகவே தப்பு என்று சொல்லிவிட்டது.

இப்போது அவன் வாசலில் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

“நில்லுங்க. நீங்க போட்டதுதான் சரி. நான் சொன்னதை நம்பிப் பரீட்சைல போட்டுத் தொலைச்சிடாதீங்க.”

“அப்புறம் ஏன் தப்புன்னீங்க டீச்சர்?”

“பாஸாயிட்டா நீங்க வர மாட்டீங்களே! சாயங்காலமானா இந்தக் கதவைத் தட்ட எனக்கு வேற யாரு இருக்கா?” டீச்சர் கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடினார். “உங்க பொழப்புல மண்ணப் போடப் பாத்தேன். மன்னிச்சிடுங்க. இனிமே வர வேண்டாம், போய் நல்லபடியா எழுதுங்க.”

அவன் மாட்டிய ஷூவைத் திரும்பவும் கழற்றினான். சேறு பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தான்.

“வேற பத்தி எடுங்க டீச்சர். இது ஒண்ணுல மட்டும் தப்பா போட எனக்கு மனசு வரல.”

“மனசு வரலையா? அப்ப இத்தனை நாளும் வேணும்னேவா தப்பாப் போட்டீங்க?”

“நாள் பூரா ஒத்தையில நிக்கிற வேலை எனக்கு. பேசறதுக்கு உங்களை விட்டா யாரு?”

“அப்படி என்னய்யா வேலை அது?”

அவன் தாளைப் பிரித்து, அந்தப் பத்தியின் மேல் விரலை வைத்தான்.

“இந்தச் சதுப்பு நிலத்துக்குத்தான் காவல் நிக்கிறேன் டீச்சர்... போன வருஷமே பாஸாயிட்டேன்.”