அவிச்ச மண்

“மேடம், இன்னிக்கி ஒரு நாள் வாய மூடிகினு உக்காந்திருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

ஆராய்ச்சி நிலையத் தலைவர் தனசேகரன் கும்பிடாத குறையாகச் சொன்னார். கச்சிராயபாளையம் கல்யாண மண்டபத்தில் கரும்பு விவசாயிகள் வந்து நிறைந்துகொண்டிருந்தார்கள். மேடையில் புது மூட்டைகள் அடுக்கியிருந்தன. கல்வராயன் மலைச் சாமையின் வேரில் வாழும் ஒரு பூஞ்சையைப் பொடியாக்கி அடைத்த மூட்டைகள். ‘விதைக் கரணையில் தடவி நட்டால், நாற்பது நாள் தண்ணீர் இல்லாவிட்டாலும் கரும்பு தாங்கும்’ என்று ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.

“தாங்காது சார்,” என்றாள் அம்சவள்ளி. அதே நிலையத்தில் தாவர விஞ்ஞானி.

“மலையில சாமை தாங்குதே!”

“சாமை தாங்குது, அது நெசம். கரும்பு தாங்குனது தொட்டியில. தொட்டியில இருந்தது கிருமியெல்லாம் சாவ அவிச்ச மண்ணு. போட்டிக்கு ஆளில்லாம பூஞ்சை சுளுவா வேர்ல ஏறிடிச்சி. வயல்ல எவன் சார் மண்ண அவிச்சிப் போடறான்? அங்க ஏற்கெனவே இருக்கற பூஞ்சைங்க இத உள்ளயே வுடல. ஒரு வருஷமா பதினாலு வயல்ல வேரத் தோண்டிப் பாத்துட்டேன்.”

தனசேகரன் குரலைத் தாழ்த்தினார். “பதினோரு வருஷ ஆராய்ச்சி மேடம் இது. டாக்டர் பட்டம், டெல்லியில விருது, ஒருத்தரோட பேரே இதுலதான் நிக்குது. இன்னிக்கி மைக்குல சொன்னீங்கன்னா நாளைக்கே ஊரு சிரிக்கும். கொஞ்சமாவது இரக்கம் வேணாமா?”

“தைலம்மாளுக்கு யாரு சார் இரக்கம் பாத்தா?”

கோமுகி அணைக்குக் கீழே ஓர் ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு வைத்தவள் தைலம்மாள். சோதனைக்காகக் கொடுத்த இந்தப் பொடியை நம்பி, போன கோடையில் தன் முறைத் தண்ணீரைப் பக்கத்து வயலுக்கு விட்டுக்கொடுத்தாள். அம்சவள்ளி போய்ப் பார்த்தபோது கரும்புத் தோகையெல்லாம் சருகாகிக் கிடந்தது. தைலம்மாள் திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. “இவ்ளோ படிச்சவங்க எழுதிக்கிறாங்களே, பொய்யா இருக்குமான்னு இருந்துட்டம்மா,” என்று மட்டும் சொன்னாள். நாலு அறை அறைந்திருந்தால்கூட அம்சவள்ளிக்கு அப்படி வலித்திருக்காது.

“மீறி ஏறுனீங்கன்னா வேலைக்கே உலை. நான் காப்பாத்த முடியாது,” என்றார் தனசேகரன்.

“போவட்டும் சார்.”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விடுவிடுவென்று மேடையேறினாள். வரவேற்புரை படித்துக்கொண்டிருந்தவர் என்ன ஏதென்று கேட்பதற்குள் மைக் அவள் கைக்கு வந்துவிட்டது.

“இந்த மூட்டைய யாரும் வாங்காதீங்க. இத நம்பி ஒரு மடை தண்ணியக்கூட நிறுத்தாதீங்க. இதுல எழுதியிருக்கறது தப்பு.”

அவள் விடவில்லை. தொட்டி, அவித்த மண், பதினாலு வயல், தைலம்மாளின் ஒரு ஏக்கர் என எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்தாள். சொல்லி முடிப்பதற்குள் நாற்காலிகள் கரகரவென்று பின்னால் நகர்ந்தன.

முன் வரிசையிலிருந்து கொளஞ்சியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு முப்பது வருஷமாகக் கரும்பு அனுப்புகிறவர். அவர் பேச்சுக்கு ஊரில் மறுபேச்சுக் கிடையாது.

“இரும்மா! நாங்களும் இத நம்பித்தான வந்துக்கிறோம்? எங்க கரும்பும் காஞ்சிருந்தா இன்னா ஆயிருக்கும்? தொட்டியில வளத்துட்டு வயல்ல வளரும்னு எழுதுன மகராசன் யாரு?”

“ஆமா, யாரு? பேரச் சொல்லு!” என்று பின்னாலிருந்து நாலைந்து பேர் கத்தினார்கள்.

மேடைக்குக் கீழே தனசேகரன் வேண்டாம் வேண்டாமென்று இரண்டு கைகளையும் ஆட்டினார். அம்சவள்ளி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“பேரு எதுக்கு? அந்த ஆளயே இங்க இட்டாந்து நிறுத்தச் சொல்லு!” என்றார் கொளஞ்சியப்பன்.

“இட்டாந்துட்டேங்க,” என்றாள் அம்சவள்ளி. “நான்தான்.”