பாறையில் எடுத்த பஞ்சு

பிற்பகல் வெயில் ஆய்வக மேஜைமேல் சாய்ந்து கிடக்கிறது. தட்டில், உள்ளங்கை அளவுக்கு, மஞ்சளாக ஒரு கடற்பஞ்சு. நுண்ணோக்கியில் அதன் முட்கள் கண்ணாடி ஊசிகளாக மின்னுகின்றன; இப்படிப் பிளந்த முனை இதுவரை எந்தப் புத்தகத்திலும் இல்லை. புது இனம் என்று எழுத ஆராய்ச்சிக்காரிக்குக் கை துறுதுறுக்கிறது. ஆனால் பஞ்சைப் புரட்டிப் பார்த்ததிலிருந்து மனசு ஒட்டவில்லை. அடிப்பக்கம் வழவழவென்று தட்டையாக இருக்கிறது. ஓரத்தில் நகக்கண் அளவு சிவப்புப் பெயின்ட். பாறைக்கு யார் பெயின்ட் அடித்தார்கள்? கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டு வேறெந்தக் கடலிலிருந்தோ வந்திருந்தால், இந்தக் கடலில் பிறந்தது என்று அவள் எழுதப்போவது முழுப்பொய். துறைமுகத்துக் கப்பல்கள் பக்கம் மூழ்க யாருக்கும் அனுமதியும் கிடையாது. “எங்கண்ணே எடுத்தீங்க?” “பாறையிலதாம்மா. இடுப்பளவு தண்ணி,” என்கிறார் பஞ்சைக் கொண்டுவந்த முக்குளிப்பவர், மூன்றாவது முறையாக, ஒரு சொல் மாறாமல். குழாய் சொட்டுகிறது. அவர் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே இருக்கிறார். “அப்ப நாளைக்குக் காலையில என்னையும் அந்தப் பாறைக்குக் கூட்டிட்டுப் போங்க.” “நாளைக்கா? இன்னைக்குச் சாயங்காலமே கெளம்பிடுமேம்மா,” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார். அவள் பேனாவை மூடிவிட்டுச் செருப்பை மாட்டுகிறாள். “எந்தக் கப்பல்ணே?”