கோமா என்றால் உறக்கம்

"கோமான்னா கிரேக்க பாஷையில ஆழ்ந்த தூக்கம்னு அர்த்தமாம்மா."

திருப்பதி ஆஸ்பத்திரியில், ஐசியூ வாசலில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். செல்போனில் தேடி எடுத்தது. டாக்டர் இங்கிலீஷில் சொன்னதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து விழுந்த நைனா, இன்னும் கண் திறக்கவில்லை.

அம்மாவின் முகம் சட்டென்று தெளிந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

"தூக்கம்தானாடீ? உங்க நைனாவ எழுப்பறதுக்கு எனக்குத் தெரியாதா?"

தெரியும்தான். நகரியில் எங்கள் வீட்டு விசைத்தறி ஓடுகிற அறையிலேயேதான் நைனா படுப்பார். அம்மா தறி ஓட்டுவாள். அந்தச் சத்தத்தில் இடி விழுந்தாலும் அசையமாட்டார். கரண்ட் போய்த் தறி நின்றால் போதும், அடுத்த நொடி எழுந்து உட்கார்ந்து யாருடா நிறுத்தினது என்பார்.

கும்பகர்ணனை எழுப்ப மேளம் அடித்தார்கள், இவரை எழுப்ப மேளத்தை நிறுத்த வேண்டும் என்று தெருவே கிண்டல் செய்யும்.

அம்மா உடனே நகரி வீட்டில் இருந்த என் தம்பி யோகேஷுக்குப் போன் போட்டாள். தறியை ஓடவிட்டு, போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சொன்னதும் ஸ்விட்சை அணைக்க வேண்டும். அவனும் மறுபேச்சுப் பேசவில்லை.

நர்ஸ் முதலில் முறைத்தாள். பிறகு சத்தம் குறைவாக இருக்கட்டும் என்று உள்ளே விட்டாள்.

அம்மா போனை நைனாவின் காதோரம் வைத்தாள். தடக் தடக்கென்று எங்கள் தறி ஓடியது. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். அன்று என்னால் தாங்க முடியவில்லை, அழுதுவிட்டேன்.

நிறுத்தட்டுமா என்று யோகேஷ் கேட்டான்.

அம்மா நைனாவின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் கேட்டான்.

நேரமாகிவிட்டது, கிளம்புங்கள் என்று நர்ஸ் வந்து நின்றாள். நானே நிறுத்தச் சொல்லிவிடலாம் என்று போன் பக்கம் குனிந்தேன்.

அம்மா என் வாயைப் பொத்தினாள்.

"வேணாம்டீ ரேகா. ஓடிக்கினே இருக்கட்டும். நின்னும் அவரு எழுந்துக்கலன்னா, அப்பறம் நான் எத்த நம்பிக்கினு இருப்பேன்?"