ஹவில்தார் பொண்ணுக்கு ஒரு சீட்டு

"லீவா? எதுக்கு லீவு?"

அப்பார்ட்மென்ட் செயலாளர் ரகுபதி போட்ட சத்தத்தில், கேட் ஓரமாகப் படுத்திருந்த நாயே எழுந்து இடத்தைக் காலி செய்துவிட்டது.

வாட்ச்மேன் மாசிலாமணி விறைப்பாக நின்றார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். ரிட்டயர் ஆனபிறகு ஆழ்வார்பேட்டையில் இந்த ஃபிளாட்டுகளுக்குக் காவல். சீருடை மாறியதே தவிர விறைப்பு மாறவில்லை.

"நாளைக்குப் பொண்ணுக்கு நந்தனத்துல காலேஜ் கவுன்சலிங் சார். முன்னாள் ராணுவத்துக்காரங்க பிள்ளைங்களுக்குப் புதுசா சட்டம் போட்டிருக்காங்கல்ல? தனியா சீட்டு, ஃபீஸும் கிடையாது. அப்பா நேர்ல வந்தாத்தான் உண்டு. இதை விட்டா அவளைப் படிக்க வைக்க எனக்கு வேற வழியில்லை சார்."

அவ்வளவுதான். ரகுபதிக்கு வந்ததே கோபம்!

"சட்டம் போட்டாங்களாம், பெரிய சட்டம்! எல்லைக்குப் போனது யாரு? நீ! பனியில நின்னது யாரு? நீ! உனக்குச் சலுகை குடு, நானே எழுந்து நின்னு சல்யூட் அடிக்கறேன். உன் பொண்ணு எந்தப் பட்டாளத்துல இருந்தா? பட்டாளத்துக்குப் போனவன் ஒருத்தன், சலுகையை அனுபவிக்கறவன் இன்னொருத்தனா? என்ன அநியாயம்யா இது! லீவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. போய் மோட்டாரைப் போடு!"

மாசிலாமணி மோட்டார் ரூம் பக்கம் நடந்தார். மேலதிகாரி பேசும்போது குறுக்கே பேசிப் பழக்கமில்லாத மனுஷன்.

ஆனால் மனசு சும்மா இருக்குமா? வருஷம் ஒருதரம் லீவில் வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து, "அம்மா, யாரோ மாமா வந்திருக்காங்க" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடிய குழந்தை அன்புக்கரசி. அவள் எந்தப் பட்டாளத்திலும் இல்லைதான். மோட்டார் ஸ்விட்சைப் போடும்போது கண் கலங்கிவிட்டது.

அடுத்த ஷிஃப்டுக்கு வந்த டில்லிபாபு அதைப் பார்த்துவிட்டான்.

"இன்னா நைனா, மூஞ்சி தொங்கிக்கினு கீது?"

விஷயத்தைச் சொன்னார்.

"அட, அவரு கெடக்கறாரு! நீ பாப்பாவ இட்டுக்கினு போ நைனா. உன் ஷிஃப்டையும் நானே பாத்துக்கறேன்."

"சார் வந்து எங்கேன்னு கேட்டா?"

"பாத்ரூம் போயிக்கீறாருன்னு சொல்றேன்."

"சாயங்காலம் வரைக்குமா?"

"வயசாச்சு நைனா, லேட்டாவும்!"

மாசிலாமணிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று மறுநாள் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் திரும்பும்போது அவர் கால் தரையிலேயே பாவவில்லை. பி.காம்! சீட்டு கிடைத்துவிட்டது! வழியில் பூக்காரிக்கு ஒரு ஜாங்கிரி, ஆட்டோ டிரைவருக்கு ஒரு ஜாங்கிரி, அட்ரஸ் கேட்டு நிறுத்திய யாரோ ஒருவருக்கு ரெண்டு ஜாங்கிரி. அட்ரஸைச் சொன்னாரா இல்லையா என்பது அவருக்கே ஞாபகமில்லை.

கேட்டுக்குள் நுழைந்தார். எதிரே ரகுபதி.

போச்சு. இன்றோடு வேலைக்கு முழுக்கு.

"வாங்க வாங்க, மாசிலாமணி சார்!"

சாரா? மாசத்தில் ஒரே ஒரு நாள் மட்டும்தான் அந்த வாயிலிருந்து 'சார்' வரும். அது இன்றைக்கா?

"டில்லிபாபு சொன்னான், மிலிட்டரி கேன்டீனுக்குப் போயிருக்கீங்கன்னு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? என் காரையே அனுப்பியிருப்பேனே!" ரகுபதி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, காதோரம் குனிந்தார். "நம்ம ரம்மு... வழக்கம்போல ரெண்டு பாட்டில்தானே?"

தூரத்தில் நின்ற டில்லிபாபு வானத்தைப் பார்த்துக்கொண்டான்.

முன்னாள் ராணுவத்தினருக்கென்று பாதி விலையில் தரும் ரம் அது. மாசிலாமணிக்கு அதன் வாடையே ஆகாது. அவருடைய கார்டில் வாங்கி, மாசம் தவறாமல் குடித்துக்கொண்டிருந்தவர் ரகுபதிதான்.

பையைத் தானே வாங்கி ஆசையாகக் கையை விட்டார் ரகுபதி. வந்தது ஒரு அட்டைப் பெட்டி.

"என்ன இது?"

"ஜாங்கிரி சார். பொண்ணுக்கு சீட்டு கிடைச்சிடுச்சு!"

"அது கிடக்கட்டும், பாட்டில் எங்கே?"

"வாங்கலை சார்."

"ஏன், கேன்டீன் மூடிட்டானா?"

"திறந்துதான் சார் இருக்கு."

"கார்டைத் தொலைச்சிட்டீங்களா?"

"பத்திரமா இருக்கு சார்."

"பின்னே என்னய்யா உனக்குக் கேடு?" சார் போய் ஐயா வந்துவிட்டது.

மாசிலாமணிக்கு உள்ளேயிருந்து சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷ சர்வீஸில் மேலதிகாரி முன்னால் அவர் சிரித்ததே இல்லை. இன்று அடக்க முடியவில்லை. குதிகால் இரண்டையும் சேர்த்து டக்கென்று ஒரு சல்யூட் அடித்தார்.

"அது பட்டாளத்துக்குப் போனவனுக்குக் குடுத்த சலுகையாச்சே சார்... நீங்க எந்தப் பட்டாளத்துல இருந்தீங்க?"