பளபளத்த ஃபோர்க்

கல்யாணத்தன்று கட்டிய கூறைப்புடவையின் முந்தானையைக் கஸ்தூரி டர்ரென்று கிழித்தாள். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைக் கீறல் விழாமல் துடைக்க, வீட்டில் வேறு பட்டுத்துணி இல்லை.

வெற்றிலை மென்றபடி நின்ற அவள் புருஷன் உலகநாதனுக்கு அது பிடித்திருந்தது. “நல்லா கிழி. இனிமே உனக்கு எதுக்கு அது?”

மண்ணெண்ணெயில் துருவை ஊறவைத்து, சலித்த சாம்பலால் பதமாகத் தேய்த்தாள்.

“புளி போட்டா சீக்கிரம் போவும்டி.”

“புளி நிக்கல் பூச்சையும் சேத்துத் தின்னுடும்ங்க. அப்புறம் உப்புக்காத்து பட்டா மறுபடி செவந்து போவும்.” தேன்மெழுகை மெல்லிசாகப் பூசிப் பட்டால் துடைத்தாள். ஃபோர்க்கில் அவள் முகமே தெரிந்தது.

“போன வாரம் பொண்ணு பாக்கப் போறப்ப தொடைடின்னு எத்தினி தடவ சொன்னேன்? கை நோவுதுன்ன. துருவோட போய் நின்னேன்.”

“அன்னிக்கு வெறும் வண்டியிலதானே போனீங்க. இன்னிக்கு சரக்கு போவுது. லட்சணமா இருக்க வேணாமா?”

சரக்கு, சீட்டுக்கு அடியில் ஒளித்திருந்த பிரெஞ்சு ஜரிகை. பிரெஞ்சுக்காரன் ஆளும் பாகூரிலிருந்து எல்லை தாண்டிக் கடலூரில் விற்றால் புதுப்பெண்ணுக்குத் தாலியும் கூறையும் தேறிவிடும்.

“வெள்ளிக்கிழம அவ வர்றா. நீதான் ஆரத்தி எடுக்கணும். மலடி எடுத்தா ஆவாதுன்னா அவ ஆத்தா. வேலக்காரி எடுக்கறான்னு நெனச்சுக்கோன்னு நான்தான் சமாதானம் சொன்னேன்.”

“எடுக்கறேங்க” என்றாள் கஸ்தூரி. சக்கரத்தில் ஒட்டியிருந்த சேற்றையும் வழித்துவிட்டாள். இவளைப் போல ஒருத்தி கிடைக்க மாட்டாள் என்று உலகநாதனுக்கே ஒரு நிமிஷம் தோன்றியது.

இங்கிலீஷ்காரன் எல்லையிலிருந்த சுங்கச்சாவடியைப் பற்றி அவனுக்குப் பயமில்லை. முன்பு இரண்டு தடவை சாவடிச் சிப்பாய்களின் தலைவரான ஜமேதார் வெறும் வண்டியைக் குடைந்து பார்த்துவிட்டு, உலகநாதன் மேலிடத்தில் புகார் செய்ததில் வசவு வாங்கிக் கட்டிக்கொண்டார். அதிலிருந்து அவனைக் கண்டாலே சலாம் வைத்துத் தடுப்பு மரத்தைத் தூக்கிவிடுவார்.

இன்றைக்கு மரம் எழும்பவில்லை.

சிப்பாய்கள் எதுவும் கேட்கவில்லை. நேராக சீட்டைக் கழற்றினார்கள். ஜரிகைக் கண்டுகள் வெயிலில் சரிந்து விழுந்தன.

“பெரிய மனுஷன் வண்டியில கை வைக்கிறீங்க. எந்தத் துரோகி சொன்னான்?” உலகநாதன் கத்தினான்.

ஜமேதார் அவன் கையில் விலங்கை மாட்டிவிட்டு, குனிந்து ஃபோர்க்கில் தன் மீசையைச் சரிசெய்துகொண்டார்.

“இது மின்னுற அன்னிக்கு மட்டும் நிறுத்துங்கன்னு ஒங்க வூட்டம்மாதான் சொல்லி அனுப்புனாங்க.”