எலி கடித்த காரும் எதிர்வீட்டு அடுப்பும்

விஜயராகவனின் பேட்டரி காரை எலி கடித்ததற்கு எதிர்வீட்டு லினெட்தான் காரணம் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. தெரு என்றால் வேறு யாரு, விஜயராகவன்தான். பாண்டி குருசுக்குப்பத்தில் அவர் ஒருத்தர் பேசினால் நாலு பேர் பேசுகிற மாதிரி இருக்கும்.

பாண்டிக்குள்ளேயே இருக்கிற மேட்டுப்பாளையத்திலிருந்து ஒயரிங் வேலைக்கு வந்த சூசை பையைக் கீழே வைப்பதற்குள் முழுக் கதையையும் கேட்டாகிவிட்டது. லினெட் வீட்டிலேயே கேக் சுட்டு விற்கிறாளாம். அந்த வாசனைக்கு எலி வருகிறதாம். வந்த எலி, பாண்டியிலேயே மொத்தம் மூணு இருக்கிற, புகையில்லாத, சத்தமில்லாத இவருடைய காரைப் பார்த்துக் கடித்துவிட்டுப் போகிறதாம்.

அதோடு விட்டாரா மனுஷன்? அடுப்பை மூடச் சொல்லி முனிசிபாலிட்டிக்கு மனு எழுதி, பதினோரு பேரிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தார். கார் சரியானதும் நேரே அங்கேதான் போகப் போவதாகச் சொன்னார்.

சூசைக்குச் சுருக்கென்றது. கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒன்பதே நாள். லினெட் குடும்பம் நிமிர்வதே இந்த டிசம்பர் ஆர்டரில்தான். சூசை வீட்டுக்கே ரெண்டு கேக் சொல்லியிருக்கிறது.

ஆனால் வந்த வேலையைப் பார்க்கணுமே. பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகிற தடித்த ஒயர் செட்டை எலி அங்கங்கே உரித்து வைத்திருந்தது. டேப் சுற்றி ஒப்பேற்ற முடியாதா என்று கேட்டார் விஜயராகவன். இது டார்ச் லைட் இல்லை, ஆளையே தூக்கி அடிக்கிற கரண்ட், செட்டோடு மாற்றணும் என்றான் சூசை.

முதல் வேலையாக மெயின் ப்ளக்கைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டான். இவன் கை உள்ளே இருக்கும்போது தெரியாத்தனமாக யாராவது அதைச் சொருகிவிட்டால் கதை முடிந்தது. அதனால் வேலை முடிகிறவரை ப்ளக் வேலைக்காரன் பையில்தான் இருக்கும். அப்புறம் மிச்சமிருக்கிற கரண்ட் வடியட்டும் என்று பத்து நிமிஷம் உட்கார்ந்தான். உட்காருவதற்குக் கூலியா என்று விஜயராகவன் முணுமுணுத்தது நன்றாகவே காதில் விழுந்தது.

அவர் மனைவி துர்கா காபி கொண்டுவந்தாள். சூசைக்குச் சக்கரை போட்டது, அவருக்குப் போடாதது. சக்கரை வியாதியில் அவர் கால் விரல் புண் ஆறாமல் ஆஸ்பத்திரிக்கு அலைந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, வருஷம் ஒண்ணாச்சு, இவரு இனிப்பைக் கையால் தொடுவதில்லை என்று பெருமையோடு முடித்தாள். விஜயராகவன் தவத்திலிருக்கிற முனிவர் மாதிரி கண்ணை மூடித் தலையாட்டினார்.

துர்கா உள்ளே போனாள். சூசை டிரைவர் சீட்டைக் கழற்றிப் பழைய ஒயர் செட்டை இழுத்தான். கூடவே எலிக் கூடும் வந்து விழுந்தது.

கூடு முழுக்க ரோஸ் கலர் காகிதம். கேக்குக்கு அடியில் வைக்கிற மடிப்புக் காகிதம். ஒண்ணு ரெண்டில்லை, முப்பதுக்குக் குறையாது. ரோஸ் காகிதம் வைக்கிறவள் அந்த ஏரியாவிலேயே லினெட் ஒருத்திதான்.

சூசை நிமிர்ந்து பார்த்தான். விஜயராகவனுக்கு வேர்த்துவிட்டது. சாயங்காலம் காற்று வாங்கப் போகிற சாக்கில் லினெட்டின் பின்ஜன்னலில் கேக் வாங்கி, காருக்குள்ளேயே தின்றுவிட்டுக் காகிதத்தைச் சீட்டுக்கு அடியில் தள்ளியிருக்கிறார். எலிக்கு விருந்து வைத்ததே இவர்தான்.

"வீட்ல சொல்லிடாத சூசை" என்றார் சன்னமாக.

சூசை புது செட்டை இழுத்து மாட்டி, ஒவ்வொரு முனையும் முறுக்கிப் பார்த்து, சீட்டையும் பூட்டினான். பிறகு சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான்.

"ப்ளக் இல்லாம கார் நகராது சார். அந்த மனுவக் குடுங்க, இதத் தரேன்."

பதினோரு கையெழுத்தும் சூசை கைக்கு வந்தது. ப்ளக் காருக்குப் போனது. கார் சத்தமில்லாமல் கிளம்பியது. விஜயராகவனும் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சத்தமில்லாமல் இருந்தார்.

மனுவை எடுத்துக்கொண்டு லினெட் வீட்டுப் படியேறினான் சூசை. அவள் அதை வாங்கிப் படித்துவிட்டு, மெர்சிண்ணே என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி அடுப்பில் போட்டாள். போட்டவள் மறுபடியும் மாவு பிசையப் போய்விட்டாள். இவனுக்குத்தான் இப்போது அவள்மேலேயே கோபம் வந்தது.

"அவருக்குச் சக்கரை வியாதின்னு தெருவுக்கே தெரியும். தெரிஞ்சே கேக் விக்கிறியே, நாளைக்கு அவர் காலை எடுத்தா அந்தப் பாவம் யாருக்கு? நடுத்தெருவுல உன்னை அந்தப் பேச்சு பேசறப்பகூட வாயத் திறக்கல. உண்மையச் சொன்னா வாடிக்கை போயிடும்னுதான?"

லினெட் கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டாள்.

"ஆமாண்ணே, எங்கிட்ட வர்றத நிறுத்திடுவாருன்னுதான் சொல்லல. நிறுத்திட்டா ஸ்வீட் கடைக்கில்ல போவாரு? இங்கன்னா மருந்துக் கடை இனிப்புப் பொடியப் போட்டு, அவருக்கு மட்டும் தனியா, சக்கரையே இல்லாம சுட்டு வைக்கிறேன். அது தெரியாம தெனம் இனிப்பு பத்தலன்னு திட்டிட்டுப் போறாரு."