ஏழு பத்து ரகசியம்

எதிர் மாடி பல் டாக்டர் உளவாளிதான். செயற்கைக்கோள் தரை நிலையத்தின் தலைமைப் பொறியாளருக்கு அதில் துளியும் சந்தேகமில்லை.

"சேட்டிலைட் நம்ம தலைக்கு மேல வர்ற நேரம் நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அந்த ஆள் டாண்ணு அதே நேரத்துக்கு மொட்டை மாடிக்கு வர்றார். கிளினிக் போர்டு விளக்கை அணைச்சுட்டு இருட்டுல நிக்கிறார். போன ரெண்டு தடவையும் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டேன்."

"அந்த ரெண்டு தடவையும்தான் சார் நமக்குப் பிழை எகிறுச்சு," என்றாள் உதவிப் பொறியாளர்.

"பின்னே? எட்டிப் பார்த்தா எகிறாதா?"

அவர் சொன்னது நியாயம்தான். செயற்கைக்கோளிலிருந்து ஒளி துளித்துளியாக இறங்கும். அதைக் கோத்துத்தான் செய்திகளைப் பூட்டும் ரகசியச் சாவி செய்கிறார்கள். வழியில் யாராவது எட்டிப் பார்த்தால் துளி கெட்டு, பிழை எகிறிக் காட்டிக்கொடுத்துவிடும். இன்றைக்கும் எகிறினால் நிலையத்தையே இழுத்து மூடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது.

"நீ மெஷினைப் பாரும்மா. நான் ஆளைப் பிடிக்கிறேன்."

டார்ச்சும் கையுமாகத் தெருவைத் தாண்டி, மூச்சிரைக்க எதிர் மாடி ஏறினார். டாக்டர் மெயின் சுவிட்ச் பக்கத்தில் இருட்டில் நின்றிருந்தார்.

"மாட்டினீங்களா டாக்டர்."

"சார், முதல்ல அந்த டார்ச்சை..."

போன் அலறியது. உதவிப் பொறியாளர்தான்.

"துளி இறங்க ஆரம்பிச்சாச்சு சார். தெருவே கும்மிருட்டு, அருமையா இருக்கு. ஒரே ஒரு வெளிச்சம்தான் எதிர் மாடியிலேருந்து நம்ம டெலஸ்கோப் மூஞ்சியில அடிக்குது. பிழை ஏறுது. சீக்கிரம் அணைக்கச் சொல்லுங்க."

டாக்டர் நோகாமல் அவர் கையிலிருந்த டார்ச்சை வாங்கி அணைத்தார். பல் பிடுங்கிப் பழகிய கை.

பொறியாளர் அப்போதுதான் கீழே பார்த்தார். பேக்கரி, மருந்துக்கடை, சலூன், வீடுகள், எங்கேயும் ஒரு பொட்டு வெளிச்சமில்லை. வாசலுக்கு வாசல் ஆட்கள் அண்ணாந்து நின்றிருந்தார்கள்.

"சார், சாவி முழுசா வந்துடுச்சு," என்று போன் குதித்தது.

வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்று சுற்றினார். கீழே தெருவே கைதட்டியது.

"எல்லாம் சரி டாக்டர். நேரத்தை உங்களுக்கு யார் சொன்னது?"

டாக்டர் தயங்கினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்கதான் சார். பால்கனியில நின்னு வீட்டம்மாகிட்ட போன்ல, 'இன்னிக்கு ஏழு பத்துக்கு வருது, வெளிச்சமே ஆகாது, யார்கிட்டயும் சொல்லிடாதே'ன்னு கத்துவீங்களே, தெருமுனை வரைக்கும் கேக்கும். ஆனா நம்புங்க சார், நாங்க யாரும் யார்கிட்டயும் சொல்லல."